காத்திருப்பே தகைமையான கதை: வேலையற்ற பட்டதாரிகளும் அரச நியமனமும்

யாழ்ப்பாண நகரிலிருந்து சற்றுத் தள்ளியுள்ள ஒரு தொடர்பாடல் நிலையத்துக்குப் போட்டோக்கொப்பி எடுக்கப் போனபோதுதான் அவரைச் சந்தித்தேன். கலைப் பட்டதாரி. வயது 28. காலை எட்டரை மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை அங்கே நிற்கிறார். கொப்பி எடுத்துக் கொடுப்பது, மற்றவர்களின் விண்ணப்பப் படிவங்களை நிரப்புவது, கடவுச்சீட்டுக்கு இணையத்தில் திகதி எடுத்துக் கொடுப்பது, கடிதங்கள் தட்டச்சு செய்வது எல்லாம் அவருடைய வேலை. மாதம் 25 ஆயிரம் ரூபாவைக் கையில் வாங்குகிறார். நியமனக் கடிதம் கிடையாது. ஊழியர் சேமலாப நிதியும் கிடையாது.

முதலாளி ஏமாற்றுகிறார் என்று நினைத்து அதைப் பற்றிக் கேட்டேன். அவருடைய பதில் வேறு விதமாக இருந்தது.

“அவர் கட்டுறன் எண்டுதான் சொன்னவர். நான்தான் வேண்டாமெண்டு சொன்னனான். நான் வேலை இல்லாமல் இருக்கேல்லை அக்கா. வேலை செய்யிறன் எண்டு சொல்லேலாமல் இருக்கிறன்.”

இந்தக் கட்டுரை அந்தப் பதிலை விளங்கிக்கொள்ளும் முயற்சி. வேலையற்ற பட்டதாரிகள் பற்றிப் பேசும்போது, அவர்கள் அரச வேலைக்காக அடம்பிடித்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு அடிக்கடி வரும். கடந்த சில மாதங்களாக வடக்கிலும் கிழக்கிலும் பல இளைஞர்களோடு பேசியதில் எனக்குத் தெரிந்தது இதற்கு நேர்மாறானது. அவர்களில் யாரும் சும்மா இருக்கவில்லை. ஆனால் செய்யும் வேலையை மறைத்து வைக்குமாறு அரசின் ஆட்சேர்ப்பு முறைதான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

சேமலாப நிதி இலக்கம் என்ற தடை

இலங்கையில் தனியார் துறையில் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால், அவருடைய சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குச் செலுத்தப்பட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். 1958ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான சேமலாப நிதி, ஓய்வூதியம் இல்லாத தொழிலாளிக்கு முதுமையில் இருக்கும் ஒரே காப்பு. அது தொழிலாளியின் உரிமை.

2020ஆம் ஆண்டு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பட்டதாரிகளைப் பயிலுநர்களாக அரச சேவையில் இணைக்கும் திட்டம் வந்தபோது, அந்த உரிமையே பலருக்குத் தடையாகியது. விண்ணப்பதாரி வேலையற்றவராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வேலையற்றவரா என்று பார்ப்பதற்குக் கிடைத்த இலகுவான வழி, அவருடைய பெயரில் சேமலாப நிதிக் கணக்கு இருக்கிறதா என்று பார்ப்பது. கணக்கு இருந்தவர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். எப்போதோ சில மாதங்கள் ஒரு கடையிலோ நிதி நிறுவனத்திலோ வேலை செய்து, பிறகு விலகியவர்களும் பழைய கணக்கு காரணமாகத் தாங்கள் விலக்கப்பட்டதாக முறையிட்டார்கள். ஆயிரக்கணக்கான மேன்முறையீடுகள் போயின.

அந்த ஆண்டு நானும் விண்ணப்பித்திருந்தேன். ஊடகக் கற்கையில் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு ஊடக நிறுவனத்துக்குக் கட்டுரைக்கு இவ்வளவு என்ற கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன். மாதம் முழுவதும் வேலை செய்தாலும் நான் அவர்களுடைய ஊழியர் அல்ல. ஆகவே சேமலாப நிதியும் இல்லை. என்னோடு ஒரே வகுப்பில் படித்த தோழி ஒரு லீசிங் நிறுவனத்தில் ஏழு மாதங்கள் வேலை செய்திருந்தாள். அந்த நிறுவனம் சட்டப்படி எல்லாவற்றையும் கட்டியிருந்தது. பட்டியல் வந்தபோது என் பெயர் இருந்தது. அவளுடைய பெயர் இல்லை.

எனக்குச் சேர வேண்டியதைத் தராத நிறுவனம்தான் எனக்குத் தகுதியைப் பெற்றுத் தந்தது. அவளுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்த நிறுவனத்தால் அவளுடைய தகுதி போனது. நான் அந்த நியமனத்தை ஏற்கவில்லை. எழுத்தை விட மனம் வரவில்லை. அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார். தோழி மேன்முறையீடு செய்து பார்த்துக் களைத்து, இப்போது வவுனியாவில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். தொடர்பாடல் நிலையத்தில் அந்தத் தங்கை சொன்னதைக் கேட்டபோது எனக்கு அவளுடைய ஞாபகம்தான் வந்தது. 2020இல் நடந்தது ஒரு தலைமுறைக்குப் பாடமாகிவிட்டது. சேமலாப நிதி இலக்கம் எடுத்துவிடாதே என்று அடுத்தடுத்த வருடங்களில் வந்தவர்களுக்கு மூத்தவர்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

ஒரு நீண்ட பழக்கம்

இந்த முறை ஒரே இரவில் வந்ததல்ல. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர், 1942இல், இலங்கைப் பல்கலைக்கழகம் ஆரம்பிக்கப்பட்டிருந்தது. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் சீர்திருத்தங்களால் கிராமத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் வரை போனார்கள். ஆனால் அவர்கள் படித்து முடித்து வரும்போது அவர்களுக்கான வேலைகளைப் பொருளாதாரம் உருவாக்கியிருக்கவில்லை. 1971இல் டட்லி சீயர்ஸ் தலைமையில் இலங்கைக்கு வந்த சர்வதேச தொழில் அமைப்பின் குழு, இளைஞர் எதிர்பார்க்கும் வேலைகளுக்கும் நாட்டில் கிடைக்கும் வேலைகளுக்கும் இடையிலான பொருத்தமின்மையைச் சுட்டிக்காட்டியது. அதே ஆண்டில்தான் தெற்கில் படித்த கிராமப்புற இளைஞர்கள் ஆயுதம் ஏந்தினார்கள். அதே காலத்தில்தான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்து, தமிழ் இளைஞர்களின் கோபம் வேறொரு திசையில் திரண்டது.

1977இல் ஆட்சி மாறிய பிறகு ‘வேலை வங்கி’ என்ற திட்டம் வந்தது. அதன் விண்ணப்பப் படிவங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஊடாக விநியோகிக்கப்பட்டன. படிவம் வேண்டுமென்றால் அரசியல்வாதியின் வீட்டு வாசலுக்குப் போக வேண்டும். 1987-89 காலத்து இரண்டாவது கிளர்ச்சிக்குப் பிறகு நியமிக்கப்பட்ட இளைஞர் தொடர்பான சனாதிபதி ஆணைக்குழு, 1990இல் வெளியிட்ட அறிக்கையில் அரசியல் செல்வாக்கையும் அதிகாரத் துஷ்பிரயோகத்தையும் இளைஞர் அமைதியின்மைக்கான முக்கிய காரணங்களாகக் குறிப்பிட்டது. தகுதி அடிப்படையிலான, வெளிப்படையான ஆட்சேர்ப்பு வேண்டும் என்பது அப்போதே சொல்லப்பட்டுவிட்டது.

ஆனால் நடந்தது மொத்த ஆட்சேர்ப்பு. 2005 காலத்தில் நாற்பதாயிரம் அளவிலான பட்டதாரிகள், 2012இல் ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர், 2018-19இல் மீண்டும் பல ஆயிரம் பேர், 2020இல் ஐம்பதாயிரத்துக்கும் மேல் எனச் சில வருடங்களுக்கு ஒருமுறை வாசல் திறந்து மூடியது. 2012இல் பயிலுநருக்கு மாதம் பத்தாயிரம் ரூபாவும், 2020இல் இருபதாயிரம் ரூபாவும் கொடுப்பனவாக வழங்கப்பட்டன. 2020 மார்ச்சில், பொதுத் தேர்தல் அறிவிக்கப்பட்டிருந்த வேளையில், நியமனக் கடிதங்கள் அனுப்பப்பட, தேர்தல்கள் ஆணைக்குழு அதனை இடைநிறுத்தியது. தேர்தல் முடிந்து செப்டெம்பரில்தான் பயிற்சி தொடங்கியது. தேர்தலுக்கும் நியமனத்துக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகச் சொல்லத் தேவையில்லை.

இந்தச் சுற்றுகளில் இளைஞர் கற்றுக்கொண்டது இரண்டு விடயங்கள். முதலாவது, வாசல் என்றோ ஒருநாள் திறக்கும். இரண்டாவது, திறக்கும்போது குறித்த திகதிக்கு முன் பட்டம் பெற்றவராகவும் வேலையற்றவராகவும் இருக்க வேண்டும். 2017இல் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருகோணமலை, அம்பாறை மாவட்டங்களில் பட்டதாரிகள் மாதக்கணக்கில் கூடாரம் அடித்து வீதியோரம் இருந்தார்கள். அடுத்த ஆண்டு நியமனங்கள் வந்தன. மூன்றாவது பாடத்தையும் அது சொல்லிக் கொடுத்தது: கேட்டால்தான் திறக்கும்.

வரிசைக்கு வருவதற்கே பத்து வருடம்

பட்டதாரி என்ற வரிசைக்கு ஒருவர் வந்து சேர எவ்வளவு காலம் ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் ஒன்றரை இலட்சம் அளவிலானோர் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதியைப் பெறுகிறார்கள். அரச பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி கிடைப்பது அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினருக்கு. யாருக்கு என்பதை இசட் புள்ளி தீர்மானிக்கிறது. 2001ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து பயன்படுத்தப்படும் இந்த முறையில், ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளி, அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று கணிக்கப்படுகிறது. கடினமான பாடத்தில் எடுத்த 60ஐயும் இலகுவான பாடத்தில் எடுத்த 60ஐயும் ஒன்றாகப் பார்க்கக்கூடாது என்பதே இதன் நோக்கம். பெரும்பாலான துறைகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீத இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன.

இந்தப் போட்டியைத் தாண்டியவர்களின் காலமும் அவர்கள் கையில் இல்லை. வழமையாக ஓகஸ்டில் நடக்க வேண்டிய உயர்தரப் பரீட்சை, 2021ஆம் ஆண்டுக்குரியது 2022 பெப்ரவரியில் நடந்தது. 2022க்குரியது 2023 ஜனவரியில். 2023க்குரியது 2024 ஜனவரியில். பெறுபேறு வர மாதங்கள், வெட்டுப்புள்ளி வர மாதங்கள், பல்கலைக்கழகம் கூப்பிட மாதங்கள். தொடர்பாடல் நிலையத்தில் நான் சந்தித்தவர் 2017இல் உயர்தரம் எழுதினார். பல்கலைக்கழகத்துக்குள் போனது 2019இல். 2020இல் கொரோனா வந்தது. கைத்தொலைபேசியில் விரிவுரை கேட்டார். 2022இல் எரிபொருள் இல்லாமல் பஸ் ஓடவில்லை. நான்கு ஆண்டுப் பட்டம் 2024 இறுதியில் கைக்கு வந்தது. உயர்தரம் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால் ஒன்பது வருடங்களுக்கு மேல். ‘படிச்சு முடிச்சு ஒன்றரை வருசம் காத்திருக்கிறாய்’ என்று ஊர் சொல்கிறது. அவரைக் கேட்டால், பத்தொன்பது வயதிலிருந்தே காத்திருப்பதாகச் சொல்வார்.

‘வேலையற்றவர்’ யார்?

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிடும் வேலையின்மை வீதம் அண்மைய ஆண்டுகளில் 4 முதல் 5 வீதம் வரைதான் இருக்கிறது. இதைப் பார்த்து, நாட்டில் வேலையின்மை பெரிய பிரச்சினை இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. இந்த எண்ணின் பின்னால் உள்ள வரைவிலக்கணம் முக்கியம். கணக்கெடுப்புக்கு முந்திய வாரத்தில் ஊதியத்துக்காகவோ இலாபத்துக்காகவோ ஒரு மணித்தியாலம் வேலை செய்திருந்தாலும் அவர் தொழில் செய்பவராகவே கணக்கிடப்படுகிறார். குடும்பத்தின் கடையிலோ தோட்டத்திலோ சம்பளமின்றி உதவுபவரும் அப்படியே. உலக நாடுகள் பலவும் பின்பற்றும் முறைதான் இது. ஆனால் அது வேலையின் தரத்தைக் காட்டாது.

அதே புள்ளிவிபரத்தை உடைத்துப் பார்த்தால் வேறு படம் தெரியும். இளைஞரின் வேலையின்மை மொத்த வீதத்தைவிடப் பல மடங்கு அதிகம். பெண்களின் வேலையின்மை ஆண்களுடையதைவிடக் கூடுதல். உயர்தரமும் அதற்கு மேலும் படித்தவர்களிடம் வேலையின்மை, குறைவாகப் படித்தவர்களைவிட அதிகம். படிக்கப் படிக்க வேலை தூரப் போகும் நாடு இது. பல்கலைக்கழகங்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் படிக்கிறார்கள். ஆனால் வேலை செய்யும் வயதுப் பெண்களில் மூன்றில் ஒரு பங்கினர் அளவில்தான் தொழிற்படையில் இருக்கிறார்கள். பட்டம் பெற்ற பெண்கள் எங்கே போகிறார்கள் என்ற கேள்விக்கு ஒரு பதிலை அந்தத் தொடர்பாடல் நிலையத்தில் பார்த்தேன்.

அவர் திணைக்களத்தின் கணக்கில் தொழில் செய்பவர். சேமலாப நிதியின் கணக்கில் இல்லாதவர். ஆட்சேர்ப்புப் பட்டியலில் வேலையற்றவர். அரசிடமே அவரைப் பற்றி மூன்று பதில்கள் இருக்கின்றன.

ஏன் அரச வேலை?

‘கோழி மேய்ச்சாலும் கவுண்மேந்திலை மேய்க்கோணும்’ என்று எங்கள் பக்கம் ஒரு பழமொழி உண்டு. இதை வைத்து யாழ்ப்பாணத்தவரின் மனோபாவத்தைக் கேலி செய்வது வழக்கம். ஆனால் இளைஞர்களோடு இருந்து கணக்குப் போட்டுப் பார்த்தால், அது மனோபாவம் மட்டும் அல்ல என்று தெரியும்.

தனியார் துறையில் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27 ஆயிரம் ரூபாவாகவும், 2026 ஜனவரியிலிருந்து 30 ஆயிரம் ரூபாவாகவும் ஆக்கப்பட்டது. அரச சேவையில் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40 ஆயிரம் ரூபாவுக்கு உயர்த்துவதாக 2025ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. இது அரச சேவையின் அடிமட்டச் சம்பளம். பட்டதாரியின் சம்பளம் இதைவிடக் கூட. அதற்கு மேல் ஓய்வூதியம், விடுமுறை, வங்கியில் கடன் எடுக்கும் வசதி. கலியாணப் பேச்சில் கிடைக்கும் மரியாதையையும் யாரும் மறைப்பதில்லை. மறுபக்கத்தில், சட்டம் சொல்லும் 30 ஆயிரத்தையே பல சிறு நிறுவனங்கள் கொடுப்பதில்லை. தொடர்பாடல் நிலையத்தில் கிடைக்கும் 25 ஆயிரம் சட்டத்துக்குக் கீழே. அதைக் கேட்கப் போனால் தொழில் திணைக்களத்தில் முறையிட வேண்டும். முறையிட்டால் வேலை செய்வது பதிவாகிவிடும்.

பொருளியலாளர்கள் இலங்கையின் இளைஞர் வேலையின்மையை மூன்று விதமாக விளக்குவார்கள். படித்த படிப்புக்கும் சந்தைக்குத் தேவையான திறனுக்கும் பொருத்தமில்லை என்பது ஒன்று. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்தும் 1971ஆம் ஆண்டின் வேலை நீக்கச் சட்டம் போன்றவை முதலாளிகளைத் தயங்க வைக்கின்றன என்பது இன்னொன்று. நல்ல வேலைக்காக வரிசையில் நிற்கிறார்கள் என்பது மூன்றாவது. எங்கள் கொள்கை விவாதங்கள் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகின்றன. ‘பட்டதாரிகளிடம் திறன் இல்லை’ என்று சொல்லிவிட்டால் பொறுப்பு இளைஞர் தலையில் விழுந்துவிடும். வரிசையை யார் உருவாக்கினார்கள் என்று கேட்க வேண்டி வராது.

வடக்கு கிழக்கில் இந்த வரிசை இன்னும் நீளமானதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் கடதாசி ஆலை என்று ஒரு காலத்தில் படித்தவர்க்கும் தொழில்நுட்பம் தெரிந்தவர்க்கும் வேலை கொடுத்த இடங்களைப் போர் முடக்கியது. போர் முடிந்து வந்த தனியார் துறை என்பது பெரும்பாலும் சுப்பர்மார்க்கெட்டும் நிதி நிறுவனமும் தொலைபேசி விற்பனையும்தான். கிளிநொச்சியில் நான் சந்தித்த முகாமைத்துவப் பட்டதாரி ஒருவர், நுண்கடன் வசூலிக்கும் வேலையை மூன்று மாதத்தில் விட்டிருந்தார். கடன் கேட்டுப் போன வீடுகளில் இரண்டு அவருடைய சொந்தக்காரர் வீடுகள். கொழும்பில் நல்ல வேலைகள் இருக்கின்றன. அங்கே ஆங்கிலமும் சிங்களமும் கேட்பார்கள். தமிழ்மொழி மூலம் படித்து வந்தவருக்கு அரச அலுவலகம்தான் அவருடைய மொழிக்கும் படிப்புக்கும் கதவைத் திறக்கும் ஒரே பெரிய முதலாளி.

உள்ளே போனவர்கள்

வரிசையின் மறுமுனையில் நிற்பவர்களையும் கேட்டேன். 2020இல் பயிலுநர்களாகச் சேர்ந்து, பிறகு அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக நிரந்தரமாக்கப்பட்டவர்களில் பலர் பிரதேச செயலகங்களிலும் பாடசாலைகளிலும் இருக்கிறார்கள். பாடசாலைக்குப் போனவர்கள் ஆசிரியரைப் போலவே படிப்பிக்கிறார்கள், ஆனால் ஆசிரியர் சேவையில் இல்லை. தங்களை ஆசிரியர் சேவைக்குள் உள்வாங்குமாறு வருடக்கணக்கில் போராடுகிறார்கள். அலுவலகத்துக்குப் போனவர்களின் கதை வேறு. ஒரு அலுவலகத்தில் ஒரே மேசையைச் சுற்றி ஐந்து பேர். தனக்கென்று குறிப்பிட்ட கடமை என்னவென்று இரண்டு வருடமாகத் தெரியவில்லை என்றார் ஒருவர். “சம்பளம் வருது. ஆனால் பின்னேரம் வீட்டை போகேக்க என்ன செய்தனி எண்டு பிள்ளை கேட்டால் சொல்ல ஒண்டுமில்லை” என்றார்.

வெற்றிடம் எங்கே இருக்கிறது என்று பார்த்து ஆள் எடுக்காமல், ஆளை எடுத்துவிட்டு இடம் தேடியதன் விளைவு இது. அதே மாவட்டத்தில் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் இருக்கின்றன.

2022இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் நாடு வங்குரோத்தானபோது, இந்தப் பழக்கத்துக்கான பணமும் முடிந்தது. அரச சேவை ஆட்சேர்ப்பு இறுக்கப்பட்டது. 65 ஆக உயர்த்தப்பட்ட ஓய்வுபெறும் வயது, ஒரு வருடம் போவதற்குள் 60 ஆகக் குறைக்கப்பட்டது. அரச ஊழியர்கள் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்து ஆண்டுகள் வரை வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தொழிலுக்காக வெளிநாடு போனார்கள். வாசல் மூடப்பட்ட பிறகும் வரிசை அப்படியே நின்றது. அதன் பின் பட்டம் பெற்ற ஒவ்வொரு தொகுதியும் அதன் பின்னால் வந்து சேர்ந்தது.

பரீட்சையா, மூப்பா?

2025ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், அரச சேவையின் அத்தியாவசிய வெற்றிடங்களுக்கு 30 ஆயிரம் பேரைச் சேர்க்க 10 பில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. இனிப் போட்டிப் பரீட்சை ஊடாகவே ஆட்சேர்ப்பு என்று அரசாங்கம் சொல்கிறது. இதைக் கேட்டதும் இளைஞரிடையே ஒரு பிளவு தெரிகிறது. வெளியே அதிகம் பேசப்படாத பிளவு.

2019, 2020இல் பட்டம் பெற்றவர்கள் பரீட்சையை எதிர்க்கிறார்கள். எங்களைக் காத்திருக்க வைத்துவிட்டு, முப்பது வயது தாண்டிய பிறகு, நேற்றுப் படித்து முடித்தவரோடு பொது விவேகப் பரீட்சை எழுதச் சொல்வது என்ன நியாயம் என்பது அவர்களின் கேள்வி. எங்களுக்கு முன் வந்தவர்கள் பரீட்சை எழுதியா போனார்கள் என்றும் கேட்கிறார்கள். மட்டக்களப்பில் ஒருவர், இரண்டு பிள்ளைகளின் தாய், இந்தப் பரீட்சைக்கென்றே தொடங்கியிருக்கும் ரியூசன் வகுப்புக்குப் போகக் காசும் இல்லை, நேரமும் இல்லை என்றார்.

அண்மையில் பட்டம் பெற்றவர்கள் வேறு மாதிரிச் சொல்கிறார்கள். காத்திருந்த காலத்தை வைத்து ஆள் எடுத்தால், தங்களுடைய முறை வர இன்னும் ஏழெட்டு வருடம் ஆகும். அதுவரை தாங்களும் வேலையை மறைத்துக்கொண்டு இருக்க வேண்டும். பரீட்சை என்றால் தோற்றாலும் ஏன் தோற்றோம் என்று தெரியும் என்றார் ஒரு தம்பி.

இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. என் கருத்து, இனிமேல் பரீட்சைதான் சரியான வழி. ஆனால் அரசு தானே உருவாக்கிய வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. மூத்த தொகுதியினருக்கு வயதெல்லையில் சலுகையும், செய்த வேலைக்கான அனுபவப் புள்ளியும் கொடுக்கலாம். அனுபவப் புள்ளி என்றவுடன் பழைய முறை தலைகீழாகும். அப்போது சேமலாப நிதி இலக்கம், ஒருவர் உண்மையாக வேலை செய்தார் என்பதற்கான சாட்சியாக மாறும். மறைத்து வைத்ததை எடுத்துக் காட்ட வேண்டியதாகிவிடும்.

என்ன மாற வேண்டும்

நான் பேசிய இளைஞர்கள் சொன்னவற்றைத் தொகுத்தால் பெரிய கோட்பாடு எதுவும் இல்லை. எல்லாம் செய்யக்கூடியவை.

வேலையின்மையை ஆட்சேர்ப்பின் நிபந்தனையாக வைப்பதை நிறுத்த வேண்டும். தனியார் துறையில் வேலை செய்து, சட்டப்படி சேமலாப நிதி செலுத்திய ஒருவர் அரச சேவைக்கு விண்ணப்பிப்பதில் எந்தத் தவறும் இல்லை.

ஒவ்வொரு ஆண்டும் எந்த நிறுவனத்தில், எந்த மாவட்டத்தில், எந்த மொழிமூலம் எத்தனை வெற்றிடம் என்பது ஒரே இடத்தில் வெளியிடப்பட வேண்டும். பரீட்சை குறித்த மாதத்தில் நடக்க வேண்டும். தேர்தல் வந்தாலும் வராவிட்டாலும் அது நடக்கும் என்று தெரிந்தால், இளைஞர் தங்கள் வாழ்க்கையைத் திட்டமிடலாம்.

தனியார் துறையில் ஆகக்குறைந்த சம்பளமும் நியமனக் கடிதமும் கொடுக்கப்படுகின்றனவா என்று தொழில் திணைக்களம் தானாகப் போய்ப் பார்க்க வேண்டும். தனியார் வேலை கௌரவமானதாக மாறாதவரை, தொழில் முயற்சியில் இறங்குங்கள் என்ற அறிவுரையை யாரும் கேட்கப் போவதில்லை.

தொழிற்கல்வியைத் தோற்றவர்களின் பாதையாகக் காட்டுவதை நிறுத்த வேண்டும். தேசிய தொழில் தகைமை ஒன்றிலிருந்து ஏழு வரை மட்டங்களைக் கொண்டது. ஐந்தாம் மட்டம் தேசிய டிப்ளோமா, ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமம். இது உயர்தர வகுப்பில் படிக்கும் பிள்ளைகளுக்கே தெரியவில்லை. வெட்டுப்புள்ளி வந்து இடம் கிடைக்காத பிறகுதான் யாராவது ஒருவர் சொல்கிறார். அப்போது அது தண்டனையாகத் தெரிகிறது. நான்காம் மட்டச் சான்றிதழோடு மின்னிணைப்பு வேலை செய்யும் ஒரு தம்பி, பட்டம் முடித்த தன் அண்ணனைவிட அதிகம் உழைக்கிறார். ஆனால் வீட்டில் விருந்தாளி வந்தால் அண்ணனைத்தான் அறிமுகப்படுத்துகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் நிலையான நாட்காட்டி வேண்டும். இளைஞரிடமிருந்து எடுக்கப்பட்ட வருடங்களை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. இனிமேல் எடுக்காமல் இருக்கலாம்.

இதை எழுதி முடிக்க முன் மீண்டும் அந்தத் தொடர்பாடல் நிலையத்துக்குப் போனேன். வெள்ளிக்கிழமை. வர்த்தமானி வெளியாகும் நாள். அவர் அதைத் தரவிறக்கி, வேலைவாய்ப்பு அறிவித்தல்கள் உள்ள பக்கங்களை மட்டும் அச்செடுத்துக் கடைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார். மூன்று பெடியள் நின்று வாசித்தார்கள். ஒருவன் படிவம் கேட்டான். எங்கே கையெழுத்து, எங்கே உறுதிப்படுத்தல் என்று ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினார். பத்துப் பன்னிரண்டு நிமிடம் பொறுமையாக. இப்படி ஒரு வருடத்துக்கும் மேலாக மக்களுக்குச் சேவை செய்கிறார். அரச அலுவலகம் ஒன்றின் முன்மேசைக்கு இதைவிட நல்ல அனுபவம் வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். அவருடைய விண்ணப்பத்தில் ‘தொழில் அனுபவம்’ என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும்தான் இருக்கப்போகிறது.

வெளிக்கிடும்போது ஒன்று கேட்டார். “கடையின்ரை பேரைப் போட்டிடாதேங்கோ அக்கா. என்ரை பேரையும்.”

போடவில்லை.